புல்தரையில் ஒரு வாய்க்கால்

மகேஸ்வரனை நான் முதன்முதலில் சந்தித்தது கனடாவில், பிறம்ரன் நகரத்து வெயர்ஹவுஸ் ஒன்றின் சாப்பாட்டறையில். மைக்ரோவேவுக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குள் அவருடைய சோற்றுப்பெட்டி சுற்றிக்கொண்டிருந்தது. தமிழ் முகத்தைக் கண்டால் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன்.

"அண்ணை எந்த இடம்?"

"மில்லிக்கன்."

"இல்லை அண்ணை, ஊரிலை."

"ஸ்ரீல்ஸ் றோட்டுக்குக் கிட்ட" என்றார்.

நக்கலுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. சோறு சூடானதும் எடுத்துக்கொண்டு மூலை மேசைக்குப் போய்விட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. போர்க்லிப்ட் ஓட்டத் தொடங்கி ஒன்பது வருடம். மனைவி சந்திரவதனா இறந்து ஆறு மாதம். கடைசியாகச் சொன்னது அந்த வெயர்ஹவுஸில் ஒருவருக்கும் தெரியாது. பிறகு ஒரே காரில் வேலைக்குப் போய்வருகிற பழக்கம் ஏற்பட்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் அவர் சொன்ன மறுமொழிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தபோதுதான் மகேஸ்வரனின் கதை ஓரளவுக்குப் பிடிபட்டது.

மனைவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் அவர் வேலைக்குப் போனார். போகவேண்டும் என்றும் இல்லை, போகக்கூடாது என்றும் இல்லை. ஷிப்ட் இருந்தது, போனார். அழுகை வரும் என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. பிறகு எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. வெயில் சுடுகிறது என்று தெரியும், ஆனால் வேறு யாரையோ சுடுவது போல இருக்கும். தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சாமானையும் தொடுகிற மாதிரி அவருடைய நாட்கள் போயின.

அட்சயா ஒரே பிள்ளை. தாய் பக்கத்திலும் தகப்பன் பக்கத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கிங்ஸ்ரனில் என்ஜினியரிங் படிக்கிறாள். அவள் ஹைஸ்கூல் முடித்துச் சான்றிதழ் வாங்கிய அன்று மகேஸ்வரன் வேலையில் நின்றார். தாய் இறந்த பிறகு அவளை மீண்டும் கிங்ஸ்ரனில் கொண்டுபோய் விடவேண்டிய அன்றும் வேலையில் நின்றார். அவளுடைய சினேகிதி செரீனா, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், தன்னுடைய காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனாள்.

போன வருடம் யூலை மாதம் அட்சயா போன் எடுத்தாள்.

"அப்பா, வாற மாசம் ஒரு வெள்ளி சனி லீவு எடுக்கேலுமோ?"

"என்னத்துக்கு?"

"காம்பிங். எங்கடை குறூப்."

"அந்த வாள்சண்டை ஆக்களோ?"

"ஓம், அந்த வாள்சண்டை ஆக்கள்தான்."

அவளும் செரீனாவும் பழங்கால ஐரோப்பாவைப் போல உடுத்து, கூடாரம் அடித்து, இரும்புத் தொப்பி போட்டுச் சண்டை பிடிக்கிற ஒரு கூட்டத்தில் சேர்ந்திருந்தது மகேஸ்வரனுக்குத் தெரியும். ஏன் என்று அவர் கேட்டதில்லை. இந்த முறை சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு அவர்களுடைய சபை கூடும், அதில் தன்னை ஒரு குழுவுக்குள் எடுக்கப்போகிறார்கள் என்று அட்சயா சொன்னாள். எடுக்கும்போது இடுப்பில் ஒரு பச்சைப் பட்டி கட்டுவார்கள். அதைக் குடும்பத்து ஆள் ஒருவர்தான் கட்டவேண்டும், அது அந்தக் குழுவின் வழக்கம்.

"போன வருசம் செரீனாக்கு அவளின்ரை அம்மா கட்டினவ. எனக்கு அம்மா இல்லை. நீங்கள்தான் இருக்கிறியள்."

மகேஸ்வரன் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். "பாப்பம்" என்றார்.

"பாப்பம் எண்டால் இல்லை எண்டு எனக்குத் தெரியும் அப்பா. ஐ ஆம் நொட் மாட், ஓகே? கடைசியாக் கேக்கிறன். இதுக்கும் வராட்டில் இனி உங்களை ஒண்டுக்கும் கேக்கமாட்டன். அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். அவள் பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். இது வெறும் பேச்சில்லை என்று மகேஸ்வரனுக்கு விளங்கியது. அதற்கு நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று பொறுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"வாறன்" என்றார்.

இடம் பீற்றர்பரோவுக்கு அங்கால் ஒரு பண்ணை. வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தார். வாசலில் ஒரு மேசை போட்டு, நீளப் பாவாடையும் தலையில் துணியுமாகச் செரீனா இருந்தாள். மகேஸ்வரனின் காரைக் கண்டதும் எழும்பி நின்றாள்.

"அங்கிள், உண்மையா வந்திட்டியள்."

"ஓம்."

"உடுப்பு? இந்தக் கேற்றுக்கு உள்ளுக்குப் போனால் நானூறு வருசத்துக்கு இஞ்சாலை வந்த உடுப்புப் போடேலாது."

மகேஸ்வரன் பின்சீற்றில் மடித்து வைத்திருந்த வேட்டியையும் சால்வையையும் காட்டினார். கடைசியாக அதை அவர் உடுத்தது அந்தியேட்டிக்கு.

"சூப்பர். அது எந்த நூற்றாண்டுக்கும் செல்லும். இனி உங்களுக்கு ஒரு பேர் வேணும். இஞ்சை எல்லாருக்கும் பழங்காலப் பேர் ஒண்டு இருக்கு."

"மகேஸ்வரன்" என்றார்.

செரீனா ஒருகணம் யோசித்தாள். "அது ஏற்கெனவே பழசுதான் அங்கிள், விடுங்கோ" என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

உள்ளே நூறு கூடாரம் இருக்கும். வெள்ளைக் கன்வஸ், கோடுபோட்ட கன்வஸ், கொடிகள். மகேஸ்வரன் கொண்டுவந்தது கடையில் வாங்கிய சாதாரண நைலோன் கூடாரம். அட்சயாவும் செரீனாவும் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அதை அடிக்கச் சொன்னார்கள். அடித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். மேலே வேலிப்பக்கம் மேடு. அங்கிருந்து நிலம் சரிந்து சரிந்து வந்து, இவர்கள் கூடாரம் அடித்த இடத்தில் சட்டியைப் போலக் குழிந்திருந்தது.

தண்ணீர்க் குழாய் வேலியோரமாக இருந்தது. காரில் ஆறு பிளாஸ்ரிக் தண்ணீர்க் கலன் கொண்டுவந்திருந்தார். ஆறையும் கழுத்து மட்டும் நிரப்பிக் கூடாரத்துக்குள் வரிசையாக வைத்தார்.

"அங்கிள், அந்தப் பைப் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூடமாட்டினம்" என்றாள் செரீனா.

"ஓம்" என்றார் மகேஸ்வரன். கலன்களை அப்படியே விட்டுவிட்டார்.

அட்சயா வேலைகளுக்கிடையே இரண்டு மூன்று தரம் வந்து பார்த்தாள். சாப்பிட்டியளோ என்று கேட்டாள். குளிருதோ என்று கேட்டாள். அவர் ஓம், இல்லை என்று சரியான இடங்களில் சொன்னார். இரண்டு பேரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆட்களைப் போல ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

சனிக்கிழமை காலை வெளியில் பெரிய சண்டை. இரண்டு பக்கமும் எழுபது எழுபது பேர், பிரம்பில் செய்த வாளும் பலகைக் கேடயமும். அடிபட்டவர்கள் அங்கங்கே விழுந்து கிடந்தார்கள். ஒரு பெண் கைகளை விரித்தபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தாள். ஒருவனுடைய சப்பாத்து கழன்று ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. பிறகு ஒருவர் கொம்பு ஊதினார். விழுந்தவர்கள் எல்லோரும் எழுந்து, புல்லைத் தட்டிவிட்டு, கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். சப்பாத்துக் கழன்றவன் ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளி வந்து அதை எடுத்துப் போட்டான். மகேஸ்வரன் வேலியில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். அவர் அதிகமாகப் பார்த்தது மேற்குப் பக்கத்து முகிலை.

பதினொரு மணிக்கு அட்சயாவும் செரீனாவும் பின்னேரச் சபைக்குப் பந்தல் கட்டப் போய்விட்டார்கள். மகேஸ்வரன் நெருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் சாம்பல் அள்ளச் சாத்தியிருந்த சவளை எடுத்தார். நெருப்பை நிலத்தில் மூட்டாமல் கால்வைத்த இரும்புச் சட்டிகளில் ஏன் மூட்டுகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. தன்னுடைய கூடாரத்தின் மேற்பக்கம் ஆரம்பித்தார். ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம். வெட்டிய மண்ணைக் கூடாரப் பக்கம் வரம்பாகப் போட்டு மிதித்தார். வளைத்துக் கொண்டுபோய்ப் பள்ளப் பக்கம் வடியவிட்டார். பிறகு அட்சயாவின் பெரிய கூடாரத்தைச் சுற்றியும் வெட்டினார். அடுத்ததில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, அவர்களும் நனைவார்கள்தானே என்று அதையும் சேர்த்துக்கொண்டார். கை தானாக வேலை செய்தது. இரண்டு மணிநேரம் நிமிரவில்லை. மூன்று கூடாரங்களைச் சுற்றி நல்ல வாய்க்கால், சரிவு பிசகாமல், ஓடையைப் போல.

பின்னால் இரும்பு கிலுங்குகிற சத்தம் கேட்டது. முழங்கால் வரைக்கும் சங்கிலிக் கவசம் போட்ட ஒரு மனிதர் நின்றார். ஐம்பத்தைந்து அறுபது வயது, நரைத்த தாடி.

"உது என்ன அண்ணை, பங்கர் வெட்டுறியளோ?"

மகேஸ்வரன் நிமிர்ந்தார். "பங்கர் இல்லை. வாய்க்கால்" என்றார்.

அந்த மனிதர் றிச்சர்ட். ஊர்காவற்றுறை ஆள். கிழமை நாட்களில் அஜின்கோர்ட்டில் வீடு வீடாகக் கடிதம் போடுகிறவர், இருபது வருடமாக இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். இந்த முறை இடத்துக்குப் பொறுப்பு அவர்தான். பகிடிக்குக் கேட்ட கேள்விக்கு வந்த மறுமொழியைக் கேட்டு வாய்க்கால் முழுவதையும் ஒருதரம் சுற்றிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அண்ணை, இஞ்சை ஒரு புல்லுப் பிடுங்கேலாது. காணிக்காரன் நாளைக்குக் காலமை சுத்திப் பாப்பான். உதைக் கண்டானெண்டால் அடுத்த வருசம் எங்களுக்கு இந்த இடம் இல்லை. கேற்றிலை ரூல் குடுத்தவையெல்லே?"

"குடுத்தவை. வாசிக்கேல்லை."

"நிலத்தைக் கிண்டின ஆளை வெளியாலை அனுப்பவேணும். என்ரை கையெழுத்து இருக்கு அதிலை. ஆரெண்டு பாக்கேலாது. குறை நினையாதேங்கோ, அஞ்சு மணிக்குள்ளை வெளிக்கிட்டிடுங்கோ."

"சரி" என்றார் மகேஸ்வரன்.

றிச்சர்ட் ஒரு வாக்குவாதத்துக்குத் தயாராக வந்தவர். சரி என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார். பிறகு கிலுங்கிக்கொண்டு போனார்.

மகேஸ்வரன் உடனே ஆப்புகளைப் பிடுங்கத் தொடங்கினார். மனதில் இருந்தது கவலை இல்லை. ஒரு விதமான ஆறுதல் என்றுகூடச் சொல்லலாம். போகச் சொன்னால் போவது அவருக்குத் தெரிந்த வேலை. எதை முதலில் கழற்றுவது, எதை எதற்குள் வைப்பது என்று யோசிக்கத் தேவையில்லை.

செய்தி அட்சயாவுக்குப் போய்விட்டது. பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதி கழன்ற கூடாரத்தையும் வாய்க்காலையும் பார்த்தாள்.

"ஏன் அப்பா வெட்டினனீங்கள்?"

"மழை வருமெண்டு."

"ஸோ? மழை வந்தால் நனைவம். எல்லாருந்தானே நனைவினம்."

"தண்ணி உள்ளுக்கு வந்தால் படுக்கேலாது. விடியுமட்டும் நிக்கவேணும்." அவர் இன்னொரு ஆப்பைப் பிடுங்கினார். "யுத்தம் முடிஞ்சு வவுனியாக் காம்பிலை இருக்கேக்கை ஒருநாள் முழங்காலளவுக்கு வந்தது. அம்மா உன்னைத் தோளிலை போட்டுக்கொண்டு விடியவிடிய நிண்டவ. அண்டைக்கு நான் வாய்க்கால் வெட்டாமல் படுத்திட்டன்."

அட்சயா தூக்கிப் பிடித்திருந்த பாவாடையைக் கீழே விட்டாள். கனடாவுக்கு வருமுன் சென்னையில் இருந்த மூன்று வருடம் அவளுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் எதுவுமில்லை.

"நான் அங்கை இருந்தனானோ?"

"நாலு வயது."

"ஒருநாளும் சொல்லேல்லையே அப்பா."

"நீ கேக்கேல்லை."

அவர் ஆப்புகளைப் பையில் போட்டார். அட்சயா குனிந்து அந்தப் பையைப் பறித்தாள்.

"இப்ப எங்கை போறியள்?"

"அஞ்சு மணிக்கு முதல் போகச் சொன்னவர்."

"ஆறு மணிக்கு எனக்குப் பட்டி கட்டவேணும்."

"ரூல் எண்டு சொல்லிப்போட்டார், பிள்ளை."

"நீங்கள் ஏன் நிக்கலாமோ எண்டு கேக்கேல்லை? ஆராவது போ எண்டால் உடனை போறதோ? ஷிப்ட் வா எண்டால் போறது, போ எண்டால் போறது. ஒருக்காலும் எனக்காக ஒரு ஆளிட்டை ஒண்டும் கேக்கமாட்டியளோ?"

"நீ கேட்டால் விடுவார்தானே, உனக்குத் தெரிஞ்ச ஆள்."

"ஓம், விடுவார். நான் கேக்கமாட்டன்" என்றாள். பையை அவர் காலடியில் வைத்துவிட்டுப் பந்தல் பக்கம் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மகேஸ்வரன் பையைத் தூக்கினார். கார் ஐம்பது அடி தூரத்தில்தான் நின்றது. கொண்டுபோய் டிக்கியில் வைத்தார். கூடாரத்தையும் சுருட்டி வைத்தார். எல்லாம் முடிந்த பிறகு கார்க்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக அவர் ஒருவரிடம் எதையாவது கேட்டது ஆஸ்பத்திரியில். வேறு மருந்து ஏதாவது இருக்கோ என்று, தெரிந்த இங்கிலிஷில். டொக்டர் நல்ல மனிசன், கையைப் பிடித்துக்கொண்டுதான் இல்லையென்று சொன்னார். அதற்குப் பிறகு மகேஸ்வரன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கடையில்கூட விலை எழுதாத சாமானை எடுக்கமாட்டார். கேட்காமல் இருப்பதில் ஒரு வசதி இருந்தது. அட்சயாவும் இன்றையோடு அந்த வசதிக்குப் பழகிவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியது. அது சரியாக இல்லை என்பதும் தோன்றியது. வேதனையாக அல்ல. லொறியில் அடுக்கிய சாமான் கொஞ்சம் சரிந்திருப்பதைக் காண்பதைப் போல. கார்க்கதவைச் சாத்தினார்.

றிச்சர்ட் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மண்கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்க்கை யாரும் காணாதபடி ஒரு சாக்கால் மூடியிருந்தார்.

"வெளிக்கிட்டாச்சோ அண்ணை?"

"ஒரு விசயம் கேக்கவேணும்."

"கேளுங்கோ."

மகேஸ்வரன் சால்வையை எடுத்து மற்றத் தோளில் போட்டார். றிச்சர்ட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஆறு மணிக்குப் பிள்ளைக்குப் பட்டி கட்டவேணும். நான்தான் கட்டவேணும், தாய் இல்லை. அதுமட்டும் நிக்க விடுவீங்களோ? கட்டின உடனை போயிடுறன்."

"ஆர் பிள்ளை?"

"அட்சயா."

"அட்சயான்ரை அப்பாவோ?" றிச்சர்ட் எழும்பினார். "கட்டிறதுக்கு வீட்டாக்கள் ஒருதரும் வரமாட்டினமெண்டெல்லோ சொன்னவள். எங்கடை கூட்டத்திலை மூத்த ஆளெண்டு நான்தான் கட்டுறதாக இருந்தது."

மகேஸ்வரன் நிலத்தைப் பார்த்தார். அவர் வருவதாகச் சொல்லி ஒரு மாதம். வந்து ஒரு நாள். இன்னும் அவள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

றிச்சர்ட் அதற்குமேல் ஒன்றும் விசாரிக்கவில்லை. "புல்லுக்கட்டியை எறிஞ்சுபோட்டியளோ?" என்று கேட்டார்.

"இல்லை. ஒருபக்கமா அடுக்கி வைச்சிருக்கிறன்."

"அப்ப மூடுவம். மண்ணை நிரப்பி, புல்லுக்கட்டியை வந்த மாதிரியே பதிச்சுத் தண்ணி விட்டால் காணிக்காரனோடை நான் கதைச்சுக்கொள்ளுவன். என்னட்டை இன்னொரு சவள் கிடக்கு."

இரண்டு பேரும் மூடினார்கள். வேலைக்கிடையில் றிச்சர்ட் சொன்னார்: "பங்கர் எண்டது பகிடிக்கு, அண்ணை. நான் எண்பத்தாறிலை வந்திட்டன். நான் பங்கரைப் படத்திலைதான் கண்டனான்."

"நான் குறை நினைக்கேல்லை."

"நேராத்தான் வெட்டியிருக்கிறியள், அதையும் சொல்லவேணும்."

புல்லுக்கு விடக் குழாயடிக்கு ஓடவேண்டி வரவில்லை, ஆறு கலன் தண்ணீரும் சரியாகப் போதுமாக இருந்தது. ஐந்தேகால் மணிக்கு மழை வந்தது. பத்து நிமிடம் பெய்து நின்றது. தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. புல் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆறு மணிக்குப் பந்தலில் அட்சயாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். பிறகு றிச்சர்டின் பெயரைக் கூப்பிடாமல், குடும்பத்தார் வரவும் என்றார்கள். அட்சயா றிச்சர்ட் நின்ற பக்கம் பார்த்தாள். றிச்சர்ட் அசையவில்லை. மற்றப் பக்கத்திலிருந்து முழங்கால் வரைக்கும் சேறு பட்ட வேட்டியோடு மகேஸ்வரன் வந்தார்.

"கேட்டனீங்களோ?" என்றாள் மெதுவாக.

"ஓம்."

பச்சைப் பட்டியை அவருடைய கையில் கொடுத்தார்கள். எப்படிக் கட்டுவது என்று அவருக்குத் தெரியாது. லொறியில் பெட்டிகளைக் கட்டுகிற மாதிரி இழுத்து முடிந்தார்.

"அப்பா, இறுக்கமா இருக்கு."

"பொறு" என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

இருநூறு பேர் ஆரவாரம் செய்தார்கள். அவருக்குள் ஒன்றும் பொங்கவில்லை. முடிச்சு சரியாக இருக்கிறதா என்று விரலால் இன்னொருதரம் தொட்டுப் பார்த்தார்.

சொன்னபடியே உடனே வெளிக்கிட்டார். றிச்சர்ட் நிற்கச் சொன்னார்தான். ஆனால் கூடாரம் ஏற்கெனவே டிக்கிக்குள் போய்விட்டது. அட்சயா கார் வரைக்கும் வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒக்ரோபரிலை ஒரு கிழமை லீவு வரும். கிங்ஸ்ரனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவீங்களோ?"

"எந்த நாள்?"

நாளைச் சொன்னாள்.

"வாறன்" என்றார் மகேஸ்வரன்.

மகேஸ்வரன் இப்போதும் மில்லிக்கனில், அதே வீட்டில்தான் இருக்கிறார். பின்னேர ஷிப்டை விட்டுக் காலை ஷிப்டுக்கு மாறிவிட்டார். அட்சயா கிங்ஸ்ரனில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். ஒக்ரோபரிலும் அதற்குப் பிறகு இரண்டு தடவையும் அவரே போய்க் கூட்டிவந்தார்.